கம்ப்யூட்டர் படிப்பும் கௌரவப் பைத்தியமும்

கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் தோழர் ஒருவர் நமக்கு ஆறு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் 6-வது வகுப்பிலிருந்து 12-வது வகுப்பு வரை உள்ளூர் சர்க்கார் பள்ளிக்கூடத்திலேயே படித்து, கணக்கிலும் பௌதிகத்திலும் ரசாயனத்திலும் நல்ல மார்க்கு வாங்கித் தேறியிருக்கிறாள். கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் படிக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறாள். இப்போது இரண்டு இடங்கள் கையில் இருக்கின்றனவாம்.

ஒன்று, சர்க்கார் நடத்தும் கவுன்சிலிங்கில், சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட 7.5 சதவிகிதத்தில் கிடைத்திருக்கும் இடம். அதுவும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிண்டி என்ஜினீயரிங் காலேஜில். படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் சர்க்காரே கட்டிவிடுகிறது. மற்றொன்று, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்திலுள்ள ஒரு தனியார் நிகர்நிலைச் சர்வகலாசாலையில் உள்ள இடம். அதற்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வீதம் 4 ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கட்டுவதற்கு இருக்கிற ஒன்றரை ஏக்கர் நிலத்தை அடமானம் வைத்தாக வேண்டும். "இரண்டில் எதில் சேர்ப்பது என்று தெரியாமல் தவிக்கிறேன், தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று தோழர் கேட்கிறார்.

இதில் தவிப்பதற்கு என்ன இருக்கிறதென்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் முதல் பக்கத்தைப் படித்தபோது அப்படித்தான் நினைத்தோம். பாக்கி ஐந்து பக்கங்களைப் படித்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று. தோழரைத் தவிக்க வைத்திருப்பது படிப்பல்ல. அவருடைய பங்காளிகளும், ஒரு ஜோசியரும், ஒரு விளம்பரத் தாளுமே ஆகும்.

பங்காளிகள் சொல்லுவதாவது: "கோட்டாவில் கிடைத்த சீட்டு பிச்சைச் சீட்டு. அதில் போய்ச் சேர்ந்தால் நாலு பேர் மதிக்க மாட்டார்கள். நிலத்தை வைத்தாவது காசு கட்டிப் படிக்க வைப்பதுதான் குடும்பத்துக்குக் கௌரவம்." ஜோசியர் சொல்லுவதாவது: "பெண்ணுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. வீட்டை விட்டு வெகுதூரம் அனுப்பக்கூடாது." விளம்பரத் தாள் சொல்லுவதாவது: "எங்களிடம் படித்த மாணவர் ஒருவர் ஆண்டுக்கு அரைக்கோடி ரூபாய் சம்பளத்தில் வேலைக்குப் போயிருக்கிறார்." இந்த மூன்று யோசனைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

பிச்சையா, பாத்தியதையா?

காசு கொடுத்து வாங்கின இடம் கௌரவமானது, சட்டப்படி கிடைத்த இடம் கேவலமானது என்றால், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம். பிச்சை என்பது கொடுக்கிறவனுடைய இஷ்டத்தைப் பொறுத்தது. பாத்தியதை என்பது வாங்குகிறவனுடைய உரிமையைப் பொறுத்தது. கொடுக்க மாட்டேன் என்று ஒருவன் சொன்னால் கோர்ட்டுக்குப் போய் வாங்கக்கூடிய ஒரு பொருளுக்குப் பிச்சை என்று பெயர் வைத்தவன், ஒன்று மூடனாயிருக்க வேண்டும், அல்லது அந்தப் பொருள் நமக்குக் கிடைப்பதில் வயிற்றெரிச்சல் உள்ளவனாயிருக்க வேண்டும்.

கிண்டிக் காலேஜின் சரித்திரத்தைச் சற்றுப் பாருங்கள். அது 1794-இல் கம்பெனியார் காலத்தில் நிலம் அளக்கக் கற்பிக்கும் பள்ளிக்கூடமாக ஆரம்பமாயிற்று. 1920-இல் கிண்டிக்கு இடம் மாறிற்று. 1978-இல் அண்ணா பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது அதில் சேர்ந்தது. இவ்வளவு காலமும் அது யாருடைய பணத்தில் நடந்து வந்தது? உழுதவனும் நெய்தவனும் நிலத்துக்கும் உப்புக்கும் துணிக்கும் கொடுத்த வரிப்பணத்தில்தானே! வரி கொடுத்தவன் பேரப்பிள்ளை அந்த வாசலுக்குள் நுழைய எத்தனை தலைமுறை ஆயிற்று என்று பங்காளிகள் கணக்குப் பார்த்தார்களா?

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உத்தரவு நடந்த காலத்தில், சர்க்கார் மெடிக்கல், என்ஜினீயரிங் காலேஜ்களின் 14 இடங்களில் 6 பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கும், 2 பிற்பட்ட இந்துக்களுக்கும், 2 தாழ்த்தப்பட்டோருக்கும், 2 பார்ப்பனருக்கும், 1 முஸ்லிம்களுக்கும், 1 ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர்களுக்குமாகப் பங்கிடப்பட்டு வந்தது. இந்த உத்தரவு செல்லாதென்று மெடிக்கல் காலேஜ் இடத்தைப் பற்றி ஒருவரும் என்ஜினீயரிங் காலேஜ் இடத்தைப் பற்றி ஒருவரும் வழக்குத் தொடுத்தார்கள். 1950-இல் சென்னை ஹைகோர்ட்டும், 1951-இல் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவு செல்லாது என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டன. தமிழ்நாடு கிளர்ந்தெழுந்தது. அந்த 1951-ஆம் ஆண்டிலேயே அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டு, 15-வது பிரிவில் 4-வது உட்பிரிவு சேர்க்கப்பட்டது. ஆகவே தோழரின் மகளுக்கு இன்று கிடைத்திருக்கும் இடம், ஒரு மகாராஜன் மனமிரங்கிப் போட்ட சோறல்ல. ஒரு நாட்டின் சட்டத்தையே திருத்த வைத்துப் பெற்ற பங்கு.

பிறகு வந்தவற்றையும் பாருங்கள். கிராமத்துப் பிள்ளைகளை வடிகட்டி வந்த என்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 2007-இல் ஒழிந்தது. அப்படியும் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் பெரிய காலேஜ்களுக்குள் போதிய அளவு வரவில்லை. பணக்காரப் பிள்ளை தனிப் பள்ளியிலும் தனி டியூஷனிலும் படித்துவிட்டு வருகிறான். தறிக்காரர் பிள்ளை தறிச் சத்தத்துக்கு நடுவே படித்துவிட்டு வருகிறாள். இரண்டு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்லுவது நியாயமாகாது என்பதால்தான், 6 முதல் 12 வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-இல் வந்தது. அவர்களுடைய கட்டணங்களைச் சர்க்காரே ஏற்கும் என்ற அறிவிப்பும் அந்த ஆண்டிலேயே வந்தது.

மேலும் ஒன்று கேட்கின்றோம். கோட்டா என்பது நுழைவதற்கு வாசலே தவிர, தேறுவதற்கு வாசலல்ல. உள்ளே போன பிறகு பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான். கோட்டாப் பிள்ளைகளுக்கென்று கேள்வித்தாளில் தனிக் கேள்வி அச்சடிப்பதில்லை. இவள் தேறி வாங்குகிற பட்டம், பக்கத்திலிருந்து தேறினவன் வாங்குகிற பட்டத்துக்கு ஒரு நூலிழையும் குறைந்ததாகாது.

அந்தப் பக்கத்துச் சர்வகலாசாலையின் இடத்தை மட்டும் எப்படிக் கோட்டா இல்லாத இடமென்று சொல்லுகிறார்கள்? அது சர்க்கார் கவுன்சிலிங்கில் வருவதில்லை. இந்த 7.5-ம் அங்கே கிடையாது. 12 லட்சம் உள்ளவன் வரலாம், இல்லாதவன் வரக்கூடாது என்று வாசலில் எழுதாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். இது பணமுள்ளவனுக்கென்று ஒதுக்கப்பட்ட கோட்டா அல்லாமல் வேறென்ன? ஏழைக்கு ஏழரை ஒதுக்கினால் கேவலம், பணக்காரனுக்கு முழுவதையும் ஒதுக்கினால் கௌரவமா?

அரைக்கோடிச் சம்பளம்

இனி விளம்பரத்துக்கு வருவோம். 'ஒரு மாணவர் அரைக்கோடி சம்பளம் வாங்குகிறார்' என்பது மெய்யாகவே இருக்கட்டும். மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள்? லாட்டரிக் கடைக்காரன் பரிசு விழுந்த ஒருவன் படத்தைத்தான் கடை வாசலில் மாட்டுவானே ஒழிய, சீட்டுக் கிழித்துப் போட்டுவிட்டுப் போன லட்சம் பேர் படத்தை மாட்டுவானா? மொட்டை போட்டதால் பிள்ளை பிறந்தது என்று சொல்லுகிற ஒருத்தியைக் காட்டி, மொட்டை போட்டும் பிறக்காத ஆயிரம் பேரை மறைக்கிற கோவில் பூசாரியின் தந்திரமும் இதுவும் ஒன்றேதான்.

ஆகவே பெரிய சம்பளம் எது என்று கேட்காதீர்கள். நடுச் சம்பளம் எது என்று கேளுங்கள். வேலைக்குப் போன நூறு பேரைச் சம்பள வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்பவன் என்ன வாங்குகிறான் என்பதே அது. 2016 முதல் மத்திய சர்க்கார் என்.ஐ.ஆர்.எஃப். என்னும் தரவரிசையை வெளியிட்டு வருகிறது. அதற்காகக் காலேஜ்கள் கொடுக்கிற கணக்கில், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள், நடுச் சம்பளம் என்ன என்பவை இருக்கின்றன. விளம்பரத் தாளை ஒரு கையிலும் இந்தக் கணக்கை மறு கையிலும் வைத்துப் படியுங்கள்.

'நிகர்நிலை' என்கிற வார்த்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 1956-ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 3-வது பிரிவின்படி, சர்வகலாசாலைக்குச் சமமாகப் பாவிக்கலாம் என்று மத்திய சர்க்கார் அறிவித்த ஸ்தாபனத்துக்கே அந்தப் பெயர். அந்த வார்த்தையினாலேயே ஒரு ஸ்தாபனம் மட்டமுமாகாது, உயர்வுமாகாது. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகமும் 1958 முதல் அந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் 2017-இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பையொட்டி, இவை தங்கள் பெயரோடு 'யுனிவர்சிட்டி' என்று வெறுமனே போட்டுக்கொள்ளக்கூடாது என்று யு.ஜி.சி. உத்தரவிட நேர்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம். பெயரில் மயங்குகிற ஜனங்கள் இருப்பதால்தானே பெயருக்கு உத்தரவு போட வேண்டியதாயிற்று!

குளுகுளு வகுப்பறை, கண்ணாடிக் கட்டடம், வாசலில் நீரூற்று இவைகளைப் பற்றியும் தோழர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். கோபுரத்தைக் கண்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்ட பழக்கம் கட்டடத்தைக் கண்டவுடனும் வந்துவிடுகிறது போலும்! கம்ப்யூட்டர் படிப்பில் சொல்லிக் கொடுப்பவை என்ன? ஒரு காரியத்தைப் படிப்படியாகச் செய்விக்கும் அல்கோரிதம், விவரங்களை அடுக்கி வைக்கும் முறை, ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கம்பைலர், இவைகளுக்கு அடிப்படையான கணக்கு. இவை கிண்டியிலும் இவைதான், பக்கத்து ஊரிலும் இவைதான். பாடத்தின் தலைப்பில் புதுப் பெயர்களைச் சேர்த்துவிட்டதால் அடிப்படை மாறிவிடாது. இந்தப் பாடங்களை ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்துவதையே, 2003-இல் ஆரம்பித்த என்.பி.டி.இ.எல். திட்டத்தில் எவரும் காசில்லாமல் கேட்கலாம். 1991-இல் பிறந்த லினக்ஸின் உள்கட்டளைகள் முழுவதையும் எந்தக் கிராமத்துப் பிள்ளையும் திறந்து படிக்கலாம். காதில் ஓதுகிற ரகசிய மந்திரம் எந்தச் சர்வகலாசாலையிலும் கிடையாது. ஒரு காலேஜ் கொடுக்கக்கூடியது நல்ல ஆசிரியர், நல்ல சகவாசம், நல்ல லேபரட்டரி, ஒழுங்கான பரீட்சை ஆகிய நான்குமே. நீரூற்று எதற்கு?

12 லட்சத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்று வைத்தாலும், வருஷ வட்டி 1,20,000 ரூபாய். மாதம் 10,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். படித்து முடித்து வருகிற பெண், பிடித்த வேலையைத் தேடமுடியாது. மேலே படிக்க முடியாது. கிடைத்த முதல் வேலையில் தலையைக் கொடுத்தாக வேண்டும். இதற்குப் பெயர் கௌரவமா? கௌரவம் பேசுகிற பங்காளிகள் அந்த அடமானப் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட வரட்டும், பார்க்கலாம்!

சனியும் பெண்ணும்

கம்ப்யூட்டரைக் கொண்டு ஜாதகம் கணிக்கிற நாட்டில், ஜாதகத்தைக் கொண்டு கம்ப்யூட்டர் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஆச்சரியமில்லை. கவுன்சிலிங்கில் காலேஜ் பெயர்களை வரிசைப்படுத்தும்போதுகூட, ராகுகாலம் கழித்துப் பொத்தானை அழுத்துகிற படித்த மூடர்கள் இருக்கிறார்கள். அந்த யந்திரத்துக்குத் தெரிந்தது பூஜ்யமும் ஒன்றுமே தவிர, ராகுவும் கேதுவும் அல்ல. ஏழரைச் சனி வெகுதூரம் போனால்தான் பிடிக்கும், பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போனால் பிடிக்காது என்றால், சனிக்குப் பஸ் ஏறத் தெரியாது என்றா அர்த்தம்?

நிற்க. சனி என்பது சாக்கு. 'பெண்ணைத் தூரத்துக்கு அனுப்பக்கூடாது' என்பதே உள்ளிருக்கும் விஷயம். இந்தப் பெண்ணுக்கு நாளைக்கே அமெரிக்காவில் ஒரு மாப்பிள்ளை கிடைத்தால், இதே பங்காளிகள் மேளம் கொட்டிக் கப்பலேற்ற மாட்டார்களா? கல்யாணத்துக்குத் தூரம் கிடையாது, சமையலுக்குத் தூரம் கிடையாது, படிப்புக்கு மட்டும் சென்னை தூரமா? மகனாயிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்குமா?

கம்ப்யூட்டர் படிப்பு ஆண்களின் சொத்து என்று நினைப்பவர்கள் கேட்கட்டும். கணக்குப் போடும் யந்திரத்துக்கு எப்படிப் படிப்படியாகக் கட்டளையிடுவது என்று 1843-லேயே எழுதி வெளியிட்டவர் ஏடா லவ்லேஸ் என்னும் பெண். 1946-இல் அமெரிக்காவில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பெரிய யந்திரத்தை வேலை வாங்கினவர்கள் ஆறு பெண்கள். 1952-இல் முதல் கம்பைலரை ஆக்கினவர் கிரேஸ் ஹாப்பர் என்னும் பெண்.

வெளிநாட்டுக் கதை வேண்டாமென்றால், இதே கிண்டியைப் பாருங்கள். லலிதா என்னும் அம்மையாருக்கு 15-வது வயதில் கல்யாணம். 18-வது வயதில், கைக்குழந்தையோடு விதவையானார். மூலையில் உட்காருவதுதான் அந்நாளைய சாஸ்திரம். அவரோ 1940-இல் கிண்டி என்ஜினீயரிங் காலேஜில் சேர்ந்து மின்சார என்ஜினீயரானார். தெரேசியா, லீலாம்மா என்னும் இரண்டு பெண்கள் உடன் படித்தார்கள். 'அவன்' என்று அச்சடித்து வைத்திருந்த பட்டத் தாளில் அந்த வார்த்தையை அடித்துவிட்டு 'அவள்' என்று எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. லலிதா அம்மையாரின் தகப்பனார் அந்தக் காலேஜிலேயே ஆசிரியராயிருந்ததால் அவருக்கு வழி கிடைத்தது. தோழரே, தாங்கள் ஆசிரியரல்ல, தறிக்காரர். தங்கள் மகளுக்குச் சட்டம் வழி திறந்திருக்கிறது. அந்த வாசலைத் தாங்களே சாத்திவிடப் போகிறீர்களா?

எதைக் கேட்பது?

கிண்டி என்பதற்காகக் கிண்டியைக் கும்பிடும்படியும் நாம் சொல்லவில்லை. கல்லைக் கும்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலேஜைக் கும்பிடச் சொன்னால் அது பகுத்தறிவாகாது. இரண்டு சர்வகலாசாலைகளுக்கு நடுவே நிற்கிற எவரும், இரண்டிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கட்டும்.

முதலாவது, நான்கு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு என்ன? விடுதி, பஸ், பரீட்சைக் கட்டணம் எல்லாம் அதில் அடங்கினதா? இரண்டாவது, கம்ப்யூட்டர் பிரிவில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர். எத்தனை இடங்கள் காலியாகக் கிடக்கின்றன? மூன்றாவது, அந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா? நாக் என்பது ஸ்தாபனம் முழுமைக்கும் பார்த்துக் கொடுப்பது, என்.பி.ஏ. என்பது ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே பார்த்துக் கொடுப்பது. நான்காவது, நடுச் சம்பளம் என்ன, மேல்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர்? ஐந்தாவது, மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையைத் தனியே சந்தித்து, "லேபரட்டரி எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, ஆசிரியர் வகுப்புக்கு வருகிறாரா?" என்று கேளுங்கள். ஆள் பிடிக்கிற ஏஜெண்டைக் கேட்காதீர்கள். தரகனிடம் மாட்டின் பல்லைப் பற்றிக் கேட்டு என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்விகளுக்குத் தனியார் ஸ்தாபனம் நல்ல பதில் சொல்லி, பணமும் கடனில்லாமல் கையிலிருந்தால், அதில் சேருகிறவரை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் இந்தத் தோழருடைய நிலைமை அதுவல்ல. ஒரு பக்கம் பெயர் பெற்ற பழைய காலேஜும், செலவில்லாத படிப்பும். மறு பக்கம் அடமானமும் விளம்பரமும்.

ஒரு கஷ்டத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தமிழில் படித்த பெண்ணுக்கு முதல் ஆண்டில் இங்கிலீஷ் வகுப்பு கடினமாயிருக்கும். பட்டணத்துப் பிள்ளைகள் மளமளவென்று பேசும்போது தாழ்வாகத் தோன்றும். ஒன்றிரண்டு பரீட்சையில் மார்க்கு குறையலாம். அதற்காகப் பயந்து திரும்பி வந்துவிடக்கூடாது. வீட்டாரும் கூப்பிட்டுக் கொள்ளக்கூடாது. இங்கிலீஷ் ஒரு பாஷையே தவிர அறிவல்ல. பழகப் பழக வந்துவிடும்.

முடிவாக ஒன்று. ஆறு பக்கக் கடிதத்தில் பங்காளிகள் சொன்னது இருக்கிறது, ஜோசியர் சொன்னது இருக்கிறது, விளம்பரம் சொன்னது இருக்கிறது. பெண் கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படுகிறாள் என்ற ஒரு வரியைத் தவிர, எங்கே படிக்க ஆசைப்படுகிறாள் என்று ஓரெழுத்தும் இல்லை. நான்கு ஆண்டு படிக்கப் போகிறவள் அவள், மார்க்கு வாங்கினவள் அவள், பாத்தியதையும் அவளுடையது. தோழர் இந்தப் பத்திரிகையை அவள் கையில் கொடுத்து, "நீ என்னம்மா சொல்லுகிறாய்?" என்று கேட்கட்டும். அவள் கிண்டி என்று சொன்னால், நல்ல நேரம் பார்க்காமல், அடுத்த ரயிலுக்கே டிக்கெட் வாங்கட்டும். நிலம் நிலமாகவே இருக்கட்டும். பங்காளிகளுடைய மதிப்பு போய்விடுமேயென்றால், அது போகட்டும். தன் பிள்ளையின் உரிமையைப் பிச்சை என்று சொல்லுகிறவர்களிடம் மதிப்பு வாங்குவதைவிட வேறு மானக்கேடு ஒன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.